குன்னூர் நண்பருக்கு: வீட்டில் தேநீரைச் சுவைத்து அறிவது பற்றி

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அதனுடன் அனுப்பிய தேயிலைப் பொட்டலமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பேரப்பிள்ளைகள் மலைக்குளிருக்குப் பழகிவிட்டார்கள் என்பதையும், முழங்கால் வலி தணிந்து நீங்கள் மறுபடியும் சிம்ஸ் பூங்கா வரை நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதையும் படித்து மகிழ்ந்தோம். இங்கு வீட்டில் அனைவரும் நலம். நம்முடன் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் இப்போது என் வீட்டில் கூடித் தேநீரைச் சுவைத்துப் பார்ப்பதைப் பற்றிக் கேட்டு, அதே போன்ற கூட்டத்தை அங்கே நடத்துவது எப்படி என்று விளக்கி எழுதச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு இதைவிடப் பிடித்த வேலை வேறில்லை.

ஒரு தேநீரைத் தனியாகக் குடிக்கும்போது அது நன்றாக இருக்கிறது, இல்லை என்ற அளவில்தான் நாக்குச் சொல்லும். இரண்டு மூன்றை அருகருகே வைத்து மாறி மாறிச் சுவைக்கும்போதுதான் ஒன்றில் உள்ள துவர்ப்பும் மற்றொன்றில் உள்ள மணமும் பிரிந்து தெரிகின்றன. எனவே இலையைத் தவிர வேறெதுவும் மாறக்கூடாது. நீர், அளவு, நேரம், கோப்பை எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். இதைக் காப்பாற்றினால் மற்றவை தாமே அமையும்.

எந்த இலைகளை எடுத்துக்கொள்வது? பச்சைத் தேயிலை, இரண்டுக்கும் இடைப்பட்ட பக்குவமுள்ள ஊலோங், கருந்தேயிலை என்று எல்லா வகையிலும் ஒவ்வொன்றை ஒரே மேசையில் பரப்புகிறவர்கள் உண்டு. அது கண்ணுக்கு விருந்தாக இருக்கலாம். ஆனால் வேறுபாடு அங்கே மிகப் பெரிதாக இருப்பதால், நாக்கு எதையும் நுணுகிப் பார்ப்பதில்லை. நாங்கள் அண்மையில் நீலகிரி, இலங்கையின் நுவரெலியா, மலேசியாவின் கேமரன் மலை ஆகிய மூன்று இடங்களின் கருந்தேயிலையை மட்டும் வைத்தோம். குன்னூரும் நுவரெலியாவும் ஏறத்தாழ ஒரே உயரத்தில், கடல்மட்டத்திலிருந்து 1,850 மீட்டருக்கு அண்மையில், அமைந்திருக்கின்றன. இருந்தும் நீலகிரி இலை பூவின் மணத்தோடு மென்மையாக இறங்கியது, நுவரெலியா இலையோ வெளிறிய பொன்னிறத்தில் எலுமிச்சைத் தோலை நினைவூட்டும் கூர்மையோடு நின்றது. கேமரன் மலை இலையில் இரண்டையும்விட வாயில் நிறையும் கனம் அதிகம், மணம் குறைவு என்பது எங்கள் அனைவரின் முடிவு.

இந்த மூன்றையும் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. உங்களுக்கு அதைச் சொல்லாமல் விட முடியாது. 1867இல் இலங்கையின் லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு அந்த மலைகளில் கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து சென்ற நம் மக்கள். அவர்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் 1964இல் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாட்டு அரசு 1968இல் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே 1976இல் டேன்டீ என்னும் அரசு நிறுவனமாயிற்று. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் கேமரன் மலையில் தொடங்கிய ‘போ’ (BOH) என்னும் தேயிலைத் தோட்டத்திலும் நம்மவர் உழைத்தார்கள். அங்கே தமிழ்ப்பள்ளி இன்றும் இருக்கிறது. மூன்று கோப்பைகளையும் சுவைத்து முடித்த பிறகு இதை எடுத்துச் சொன்னபோது, மேசையில் பேச்சு வெகுநேரம் தேயிலையை விட்டு அந்த மனிதர்களிடமே இருந்தது. நீங்களும் சொல்லுங்கள்; ஆனால் சுவைத்த பிறகு சொல்லுங்கள். முன்னரே சொன்னால் மனம் ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் பலர் சறுக்குவது இங்கேதான். தேயிலையை ஒப்பிட்டுச் சோதிக்க ஐஎஸ்ஓ 3103 என்ற பன்னாட்டுத் தரமுறை ஒன்று 1980இலிருந்து இருக்கிறது. 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் இலை, அப்போதுதான் கொதித்த நீர், 6 நிமிட ஊறல் என்பது அதன் சாரம். ஆறு நிமிடம் ஊறிய தேநீர் குடிப்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கும். இலையின் குறைகளையும் வெளியே கொண்டுவருவது அந்த முறையின் நோக்கம். வீட்டில் விருந்தினருக்கு நான்கு நிமிடம் போதும் என்பது என் கருத்து. ஆனால் தேக்கரண்டியால் அளக்காதீர்கள். நொறுங்கிய இலை கரண்டியில் நெருங்கி அமரும், சுருண்ட முழு இலை இடம்விட்டு அமரும். ஒரே கரண்டி அளவில் எடை பெரிதும் வேறுபட்டுவிடும். கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய மின்தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தொழில்முறைச் சுவைஞர்கள் பயன்படுத்தும், இலை விழாமல் வடிக்க விளிம்பில் பற்கள் வெட்டிய கோப்பைக்குப் பதிலாக நான் சைனாடவுனில் வாங்கிய மூடியுள்ள சீனப் பீங்கான் கோப்பைகளை வைத்திருக்கிறேன். உட்புறம் வெள்ளையாக இருந்தால்தான் நிறம் தெரியும். முதலில் வெந்நீரால் கோப்பைகளைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் உலர்ந்த இலையைப் போட்டு முகர்ந்து பாருங்கள். பிறகு நீர் ஊற்றி மூடி, நேரம் முடிந்ததும் ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் வடித்துவிடுங்கள். ஊறிய இலையை மூடியின்மேல் கவிழ்த்து வையுங்கள். அந்த ஈர இலையில்தான் மணம் முழுமையாகத் தங்கியிருக்கும். செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்கிறதா, மங்கிக் கறுத்திருக்கிறதா என்பதும் இலையைப் பக்குவம் செய்த விதத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சுவைக்கும்போது கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். பிள்ளைகளை உறிஞ்சாதே என்று கண்டித்து வளர்த்த நம் தலைமுறைக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் காற்றோடு கலந்து உள்ளே போகும்போதுதான் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. கொதிக்கக் கொதிக்க வேண்டாம், சற்று ஆறட்டும். ஆறிய பிறகு மறுபடி ஒருமுறை சுவையுங்கள். சில நல்ல கருந்தேநீர் ஆறும்போது பால் கலந்ததுபோல் கலங்கும்; அதில் உள்ள காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் ஒன்றோடொன்று சேர்வதால் வரும் கலங்கல் அது, கெட்டுப்போனதன் அடையாளமன்று.

ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதை முதலில் தாளில் எழுதட்டும், அதன்பின் பேசலாம். இல்லாவிட்டால் முதலில் வாய்திறப்பவரின் கருத்தே எல்லோருடைய கருத்தும் ஆகிவிடும். வைக்கோல், மாம்பூ, வேகவைத்த கடலை, கருப்பட்டி என்று எங்களவர்கள் எழுதியவற்றைப் படித்தபோது, இத்தனை காலம் பாலும் சீனியும் கலந்தே குடித்து வந்த நாக்குகள் இவ்வளவு அறியுமா என்று உண்மையிலேயே வியந்தேன்.

வீட்டு மணங்களில் கவனம் வேண்டும். அன்று காலை சாம்பிராணி போடுவதையும் சாமி படத்துக்கு மல்லிகை சாத்துவதையும் சற்றுத் தள்ளி வையுங்கள், தாளிப்பும் வேண்டாம். இங்கே கடும் மணமுள்ள டுரியான் பழப் பருவத்தில் நான் இந்தக் கூட்டத்தையே வைப்பதில்லை. இடையிடையே கடிக்க உப்பும் இனிப்பும் அதிகமில்லாத பிஸ்கட் போதும். காலை பத்து மணி நல்ல நேரம். பிற்பகலில் வைத்தால் நம் வயதுக்கு இரவுத் தூக்கம் போய்விடும்.

பாலை முழுவதும் ஒதுக்க வேண்டியதில்லை. அந்தத் தரமுறையிலேயே பால் சேர்த்துச் சோதிப்பதற்கும் இடம் உண்டு. நாங்கள் கடைசிச் சுற்றில் ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பால் விட்டுப் பார்த்தோம். நுவரெலியா இலையின் மணம் பாலில் மூழ்கிப்போயிற்று. கேமரன் மலை இலை முன்பைவிடச் சிறப்பாக நின்றது. இங்குள்ள காப்பிக்கடைகளில் பால் தேநீருக்கு ஏன் தூள் தேயிலையைப் போட்டுக் கடுமையாக இறக்குகிறார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

உங்கள் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது. கடல்மட்டத்தில் உள்ள எங்களுக்கு நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. உங்கள் உயரத்தில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் அதே இலை உங்களிடம் சற்று மென்மையாக இறங்கும். உங்கள் மேசையில் உள்ள கோப்பைகளை ஒன்றோடொன்று ஒப்பிட இது தடையில்லை. என் குறிப்புகளோடு உங்கள் குறிப்புகளை ஒப்பிடும்போது மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். கோப்பைகளை நன்றாகச் சூடாக்கத் தவறாதீர்கள். எங்கள் குழாய்நீரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரமின் கொதிக்க வைப்பதால் எளிதில் போவதில்லை என்பதால் நான் கரி வடிகட்டியில் வடித்தே எடுக்கிறேன். உங்களுக்குக் கிணற்று நீரா குழாய்நீரா என்பதை எழுதுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனிக் காலத்துக் கொழுந்து வரும்போது நூறு கிராம் மட்டும், காற்றுப் புகாத உறையில், தயாரித்த மாதத்தைக் குறித்து அனுப்பிவையுங்கள். அதிகம் வேண்டாம், எங்கள் ஈரக்காற்றில் திறந்த பொட்டலம் விரைவில் மணம் இழந்துவிடுகிறது. நானும் நுவரெலியா இலையில் பாதியை உங்களுக்கு அனுப்புகிறேன். இருவரும் ஒரே இரண்டு இலைகளைச் சுவைத்துக் குறிப்புகளை மாற்றிக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்