போர்வெல் வண்டிக்குக் குளிர்காற்று

திருச்செங்கோடு,
சித்திரை, ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சானுக்கு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குச் சித்திரையில் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் வந்து திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். உன் தங்கைக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நமக்குப் பாடம் எடுத்த தாடி சாரைப் போன மாதம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். தாடி இல்லை. உன்னைத்தான் முதலில் விசாரித்தார். அந்தப் பாய்லர் விஷயத்தை மனிதர் இன்னும் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் பையன் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறான். காரணம் நீ.

ஆமாம், நீயேதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து வளைகுடா மின் நிலையத்துக் கதை அளந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? 15 டிகிரி காற்றுக்குக் கணக்குப் போட்டுச் செய்த டர்பைன் 45 டிகிரி வெயிலில் மூச்சு வாங்குகிறது, டிகிரிக்கு அரை சதவீதத்துக்கு மேல் சக்தி போய்விடுகிறது, அதனால் அதே டர்பைனின் புகைச்சூட்டைக் கொண்டே லித்தியம் புரோமைடு என்ற உப்புக் கரைசலில் வேலை செய்கிற சில்லர் என்ற குளிரூட்டும் மெஷினை ஓட்டி உள்ளே போகிற காற்றைக் குளிரவைக்கலாம் என்று. சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டு நீ ரயிலேறிவிட்டாய். மூலையில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவன் காதில் அது விழுந்துவிட்டது.

இப்போது அதை ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் செய்யப் போகிறானாம். நம் ஊர் வண்டிகள் ராஜஸ்தான் வரைக்கும் போகின்றன. துளை போடக் காற்றை அழுத்தித் தருகிற கம்ப்ரஸரின் எஞ்சின் 400 குதிரைத்திறன். நின்ற இடத்தில் நின்றபடி மணிக்கணக்காக முழு பாரத்தில் கத்தும். எஞ்சின் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலரைத் தாண்டியும் காற்று 60 டிகிரியில்தான் உள்ளே போகிறது. அதை 25 டிகிரிக்கு இறக்கினால் காற்றின் அடர்த்தி 12 சதவீதம் கூடுகிறது. இதில் தப்பு சொல்ல முடியவில்லை. 333ஐ 298ஆல் வகுத்துப் பார், வந்துவிடும்.

சரி, பையனை மடக்கலாம் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானும் கணக்குப் போட்டேன். எஞ்சின் நொடிக்கு ஏறக்குறைய 0.45 கிலோ காற்றை உறிஞ்சும். அதை 35 டிகிரி இறக்க 16 கிலோவாட் குளிர் வேண்டும். நாலரை டன் ஏசி என்று வைத்துக்கொள். உன் சில்லர் ஒரு பங்கு சூடு வாங்கி 0.6 பங்கு குளிர் தருகிறது என்றால் 27 கிலோவாட் சூடு போதும். புகை 450 டிகிரியில் வெளியே போகிறது. 180 வரை இறக்கினாலே 130 கிலோவாட்டுக்கு மேல் கிடைக்கிறது. ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் காரியம் முடிந்தது! நாற்பது வருடமாக இந்தச் சூட்டைத்தான் தெருவுக்கு ஊதிவிட்டுக்கொண்டிருந்தோம் மச்சான். மடக்கப் போனவன் இரண்டு மணி வரை தூங்கவில்லை.

அடுத்த வாரம் அவன் காயலான் கடையிலிருந்து ஹோட்டல் அறைகளில் வைக்கிற குட்டி ஃபிரிட்ஜ் ஒன்றைத் தூக்கி வந்தான். மோட்டார் கிடையாது, அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன், அடியில் சூடு, அவ்வளவுதான். மிஷன் ஆஸ்பத்திரியில் பார்த்தோமே, அடியில் விளக்கு எரிய மேலே தடுப்பூசி குளிர்ந்து கிடந்த மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ், அதே ஜாதி. 1922இல் ஸ்டாக்ஹோமில் இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது என்று தாடி சார் சொன்னபோது நாம் கடைசி பெஞ்சில் வேறு ஆராய்ச்சியில் இருந்தோம்.

ஹீட்டரைக் கழற்றிவிட்டுப் பட்டறை ஜெனரேட்டரின் சைலன்சர் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து அந்த இடத்தில் சேர்த்துக் கட்டினான். ஃபிரிட்ஜ் மட்டமாக நிற்காவிட்டால் உள்ளே ஓட்டம் நின்றுவிடும் என்று ரசமட்டம் வைத்து அடியில் தகடு தகடாகச் சொருகினான். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்தோம். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால், பாலாடை மாதிரி மேலே ஒரு மெல்லிய ஏடு. விரலால் தொட்டேன், உடைந்தது. புகைச்சூட்டில் பிறந்த பனி. உன் தங்கையை எழுப்பிக் காட்டினேன். "இதற்கா எழுப்பினீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பேராசை. ஜெனரேட்டரில் வெல்டிங் பாரத்தை ஏற்றினோம், புகை கொதித்தது. ஃபிரிட்ஜின் பாய்லர் குழாயில் பற்றுவைப்பு விட்டுவிட்டது. கண்ணில் மிளகாயை அரைத்து அப்பினாற்போல இருந்தது. பட்டறையே காலி, ஆறு பேரும் புளியமரத்தடித் தொட்டியில் முகத்தை முக்கிக்கொண்டு நின்றோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண் சிவப்பு மாலையே போய்விட்டது. விரிசலடியில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. இரும்பு அரிக்காமலிருக்க உள்ளே போடுகிற குரோமேட் உப்பு. தொடாதே என்று ஒரு கத்துக் கத்தினேன். ஒரு பிடி அம்மோனியாவுக்கே இந்தக் கதி. 45 டிகிரியில் அதன் அழுத்தம் 18 பார், வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய பதினெட்டு மடங்கு இருக்கும். குலுங்குகிற வண்டியில், ராடு மாட்டுகிற பையன்கள் பக்கத்தில் நிற்க, நாலரை டன் ஏசி அளவுக்கு அம்மோனியா மெஷினா?

அதனால் லித்தியம் புரோமைடுக்கு மாறிவிட்டான். அங்கேதான் நான் பிடித்தேன். குளிர் 16, சூடு 27, இரண்டும் சேர்ந்த 43 கிலோவாட்டையும் எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே? ராஜஸ்தான் வெயிலில் வெறும் காற்றில் கொட்டினால் கரைசல் உள்ளேயே உப்புக்கட்டி ஆகிவிடும். கூலிங் டவர் வைத்தால் மணிக்கு 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகும். பத்து மணி நேரத்துக்கு மூன்று டிரம்! தண்ணீர் இல்லாத ஊருக்குத் தண்ணீர் தேடிப் போகிற வண்டி, போனதும் முதலில் தண்ணீர் கேட்கும்.

சொன்னேன். "போர் போட்டால் தண்ணீர் வருமே அப்பா" என்றான்.

"வராத போருக்கு?" என்றேன்.

அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டீசல் எஞ்சினில் காற்று கூடினால் மட்டும் சக்தி கூடிவிடாது, டீசலையும் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் புகை குறையும், எஞ்சின் சூடு தணியும், அவ்வளவே. அதற்கு எந்த வண்டிக்காரன் அறுநூறு கிலோ இரும்பைச் சுமப்பான்? எடை நான் சொன்னது இல்லை, அவன் போட்ட வரைபடத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் பத்திரத்தைத் தர மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லவில்லை என்று கேட்பாய். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. பத்து மணிக்கு எழுந்திருப்பான், கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில். வாசலில் யாராவது "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டுவிடுவார்களோ என்று உன் தங்கை கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள். இப்போது ஐந்து மணிக்குப் பட்டறையில் விளக்கு எரிகிறது. நகத்தில் கிரீஸோடு சாப்பிட வருகிறான், கை கழுவச் சொல்லித் திட்டுகிறேன். மூன்று வருடமாகத் திட்டக்கூட வாய்ப்பில்லாமல் இருந்தது மச்சான்.

நான் சொன்னால் அப்பன் தடுக்கிறான் என்று ஆகிவிடும். நீ சொல். வேண்டாம் என்று சொல்லாதே, வண்டியில் வேண்டாம் என்று சொல். ஒரே இடத்தில் நிற்கிற எஞ்சின், பக்கத்தில் தண்ணீர், குளிர் தேவைப்படுகிற தொழில் மூன்றும் சேர்ந்த இடத்தை அவனுக்குக் காட்டு. மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பாக்டரி ஜெனரேட்டர் என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கு இதைவிட நல்ல இடம் தெரிந்திருக்கும். தீ வைத்தவன் நீ, தண்ணீர் ஊற்றுவதும் நீயே செய். மணிக்கு 60 லிட்டர்.

வைகாசி விசாகத் தேருக்கு வந்துவிடு. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. அந்தத் திண்ணையில் மட்டும் உட்காராதே.

அன்புடன்,
உன் மச்சான்

பி.கு.: அந்தக் குட்டி ஃபிரிட்ஜின் பாய்லர் எத்தனை டிகிரி வரை தாங்கும்? புகைக் கிளையில் ஒரு வால்வு வைத்தால் கட்டுக்குள் நிற்குமா? நேற்று காயலான் கடையில் இன்னொன்று கிடைத்தது. பையனுக்கு இன்னும் தெரியாது. வைக்கோலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.