‘பரபரப்பு வாக்குமூலம்’ என்ற தலைப்பு வேண்டாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில், நகைத் திருட்டு வழக்குகளில் போலீஸார் நாலு தட்டு தட்டாமல் உண்மையை வரவழைக்க முடியாது என்றும், ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்’ என்று பெரியவர்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அடித்து உண்மையை வரவழைக்கும் வேலையை முழுநேரத் தொழிலாகவே நடத்திய ஓர் இடத்துக்கு அருகில் குடியிருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பதினொரு ஆண்டுகளாக நான் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் வசிக்கிறேன். வந்த புதிதில் சாப்பாட்டுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று அஞ்சியது உண்மை. ஆனால் சந்தைக்குள் நுழைந்த முதல் நாளே அந்த அச்சம் போய்விட்டது. முருங்கைக் கீரை கட்டுக்கட்டாகக் கிடந்தது. இங்கே அதற்கு ‘ம்ரும்’ என்று பெயர். சுண்டைக்காய், பாகற்காய், வாழைப்பூ, கோவைக்கீரை, அகத்தி என்று எதையும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. தோலுரித்த ஆம்பல் தண்டைச் சுருட்டி வைத்திருப்பார்கள். புளிக்குழம்பில் போட்டால் நறுக்கென்று இருக்கும். மழைக்காலக் கடைசியில் வெள்ளம் தேங்கிய வயல்களிலிருந்து ஸ்நோர் எனும் சிறிய மஞ்சள் பூ வரும். அகத்திப்பூவுக்குப் பங்காளி, ஆனால் கசப்பு குறைவு. பலாப்பிஞ்சு, பப்பாளிக்காய், பூசணி, முருங்கைக் கீரை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, வறுத்துப் பொடித்த அரிசியைத் தூவிக் கிளறிக்கொண்டே சமைக்கும் ‘சம்லா கொர்கோ’வில் அவர்கள் சேர்க்கும் மீன் விழுதை மட்டும் விட்டுவிட்டால், அது எங்கள் வீட்டுக் கூட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரிதான்.

நான் வழக்கமாகக் கீரை வாங்கும் அம்மையாரை ‘மிங்’ என்று அழைப்பேன். நம் ஊரில் சித்தி என்பதுபோல. வாங்கிய கட்டோடு ஒரு பிடி கொசுறு வைக்காமல் பையைத் திருப்பித் தரமாட்டார். 1976-இல், தமக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, பொதுச் சமையற்கூடத்துக் கஞ்சி பசிக்குப் போதாமல், இருட்டிய பிறகு வரப்போரம் கொடிக்கீரை கிள்ளிக் கழுத்துத் துண்டில் முடிந்து கொண்டுவந்ததை அவர் ஒருமுறை சொன்னார். 1975 முதல் 1979 ஜனவரி வரை போல் பாட் தலைமையில் கம்போடியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜ் ஆட்சியில், தனியாகக் கீரை பறிப்பது பொதுச்சொத்தைத் திருடிய குற்றம். அகப்பட்டால் என்னவாகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தச் சந்தைக்குப் போகும் வழியில்தான் துவோல் ஸ்லெங் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு காலத்தில் உயர்நிலைப் பள்ளி. 1975 முதல் 1979 வரை ‘எஸ்-21’ என்ற பெயரில் சிறையாக இருந்து, 12,000-க்கும் மேற்பட்டோரை விழுங்கியது; உயிரோடு வெளியே வந்தவர்கள் மிகச் சிலரே. சிறைத் தலைவராக இருந்த டுச் என்பவர் முன்னாள் கணித ஆசிரியர். விடைத்தாள் திருத்துவதுபோலக் கைதிகளின் வாக்குமூலங்களில் சிவப்பு மையால் குறிப்பெழுதி, போதவில்லை என்று திருப்பி அனுப்புவார். அந்த வாக்குமூலங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் எவ்வளவு உண்மை என்பதுதான் கேள்வி.

கெரி ஹாமில் என்ற நியூசிலாந்துக்காரர் 1978 ஆகஸ்டில் பாய்மரப் படகில் வந்து கம்போடியக் கடற்பகுதியில் பிடிபட்டார். சித்திரவதைக்குப் பிறகு, தாம் சி.ஐ.ஏ. உளவாளி என்று எழுதிக் கொடுத்தார். தம் மேலதிகாரியாக அவர் குறிப்பிட்டது, கோழி வறுவல் கடைப் பலகையில் குறுந்தாடியோடு சிரிக்கிறாரே, அந்தக் கர்னல் சாண்டர்ஸை! உளவு எண் என்று கொடுத்தது வீட்டுத் தொலைபேசி எண்ணை. மேடைப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ‘எஸ். டார்’ என்று எழுதியிருந்தார். ஹாமிலின் தாயாரின் பெயர் எஸ்தர்; ஆங்கிலத்தில் சொன்னால் ‘எஸ்டர்’. 2009-இல், டுச் மீதான வழக்கு நடந்த நீதிமன்றத்தில் ஹாமிலின் தம்பி இதை விளக்கிச் சொன்னார். அடித்தவர்களுக்கு இதில் ஒன்றுகூட விளங்கவில்லை. அவர்கள் கேட்க விரும்பிய ‘சி.ஐ.ஏ.’ என்ற சொல் தாளில் வந்துவிட்டது, அவ்வளவு போதும். உயிர் தப்பிய சும் மெய் என்ற மெக்கானிக்கோ, சி.ஐ.ஏ. என்றால் என்னவென்றே தெரியாமல் அதில் சேர்ந்ததாக ஒப்புக்கொண்டவர். அந்த வாக்குமூலங்கள் முழு உண்மை என்று தாமே ஒருபோதும் நம்பியதில்லை என்று டுச் அதே நீதிமன்றத்தில் கூறினார்.

பொய்யோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொருவரிடமும் கூட்டாளிகளின் பெயர்களைக் கேட்டார்கள். அந்தப் பெயர்களுக்குரியவர்களைப் பிடித்து வந்து அவர்களிடமும் பெயர் கேட்டார்கள். கடைசியில் விசாரித்தவர்களிலேயே பலர் கைதிகளாகிக் கொல்லப்பட்டார்கள். இல்லாத எதிரியைத் தேடி 1978-இல் கெமர் ரூஜ் தலைமை நாட்டின் கிழக்கு மண்டலத்தையே களையெடுக்கப் போக, அங்கிருந்து தப்பி வியட்நாமுக்கு ஓடியவர்கள் வியட்நாம் படையோடு திரும்பி வந்தார்கள். 1979 ஜனவரி 7 அன்று புனோம் பென் வீழ்ந்தது. அதுவரை தாளில் மட்டுமே இருந்த எதிரியைக் கெமர் ரூஜ்காரர்களே உண்டாக்கிக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கம்போடியக் கதை நமக்கு எதற்கு என்று கடிதம் எழுதிய நண்பர் கேட்கலாம். 2025 ஜூனில் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில், நகை காணவில்லை என்ற புகாரின் பேரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் அடிபட்டு இறந்தாரே, அதுவும் நண்பர் சொல்கிற நகைத் திருட்டு விசாரணைதான். காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தின் 23-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே காவல் நிலையத்து வாக்குமூலத்தின் தரம் தெரிந்திருந்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா, அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கைதானவர் காவல் நிலையத்தில் சொன்னதாகச் சொல்லப்படுவதைப் ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று கொட்டை எழுத்தில் வெளியிடுவதைத் தங்கள் நாளிதழாவது நிறுத்த வேண்டும். கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தவரின் மாவுக்கட்டுப் படத்தை வெளியிடும்போது, ஒரே காவல் நிலையத்துத் தரை மட்டும் ஏன் அடிக்கடி வழுக்குகிறது என்று தங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும். அந்த வழக்கில் ஒருவர் விடுதலையானால், அதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.

கடிதத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிக்குமேல் போனால் மிங் கடையில் ஸ்நோர் பூ மிஞ்சாது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
புனோம் பென், கம்போடியா