வீட்டிலிருந்து பணி செய்யும் தாய்க்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்து பணிபுரியும் முறையைத் தனியார் நிறுவனங்கள் படிப்படியாகக் குறைத்து, ஊழியர்களை மீண்டும் அலுவலகத்துக்கு அழைப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கைக்குழந்தை உள்ள பெண்களுக்காவது இந்தச் சலுகையை விட்டுவைக்க வேண்டும் என்று பலரும் பரிந்து பேசுகிறார்கள். அந்தப் பரிவுக்கு நன்றி. ஆனால் வீட்டில் இருக்கும் தாய் அலுவலக வேலையையும் பார்த்துக்கொள்வாள், பிள்ளையையும் பார்த்துக்கொள்வாள் என்ற எண்ணம் அந்தப் பேச்சின் அடியில் கிடக்கிறது. சென்னையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காகத் தென்காசிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து பணிபுரிபவள், ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தாய் என்ற முறையில் அந்த எண்ணத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்யப்பட்ட திருத்தம், ஊதியத்துடன் கூடிய விடுப்பை, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. எல்லோருக்கும் தெரிந்த பகுதி அது. அதே திருத்தம் வேறு இரண்டையும் கொண்டுவந்தது. விடுப்பு முடிந்த பின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், முதலாளியும் ஊழியரும் பேசி ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளின்படி அந்தப் பெண்ணை வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதிக்கலாம் என்பது ஒன்று. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் ஒன்றை ஏற்படுத்த வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்பது மற்றொன்று. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவ்விரண்டையும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இவ்விரண்டு பிரிவுகளையும் சேர்த்து வாசித்தால்தான் சிக்கல் புலப்படும். முதலாவது, நிறுவனம் மனம் வைத்தால் கிடைப்பது. இரண்டாவது, நிறுவனத்தின் கடமை. வீட்டிலிருந்து பணி என்ற அனுமதியை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்ட பெண்ணுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகத்தின் தரைத்தளத்தில் இயங்கும் காப்பகத்தால் எந்தப் பயனும் இல்லை. சலுகையைப் பெற்றதாலேயே உரிமை கைவிட்டுப் போகிறது. காப்பகத்தின் செலவு நிறுவனத்துக்கு அந்த அளவுக்கு மிச்சம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு இடைவேளை போக, பாலூட்டுவதற்கென்று நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கம் முதலே சொல்லிவந்தது. விடுப்பு முடிந்து வேலையில் சேர்ந்த புதிதில் நான் இதைக் கேட்டபோது, "நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள், தனியாக எதற்கு?" என்ற பதில்தான் வந்தது. அப்படிச் சொன்ன மேலதிகாரிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் இருப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சிறிது நேரம் விசைப்பலகையைத் தொடாமல் இருந்தால், அலுவலகத் தொடர்புக்கான டீம்ஸ் செயலியில் என் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் "இருக்கிறீர்களா?" என்று ஒரு செய்தி வரும். ஆகவே வலக்கையால் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டு இடக்கையால் மவுசை அவ்வப்போது அசைத்துக்கொண்டிருப்பது என் வழக்கமாக இருந்தது. அலுவலகத்தில் எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வருபவரை யாரும் இப்படி எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

மாலை நேரம் இதைவிடக் கடினம். அமெரிக்காவில் உள்ள வாடிக்கையாளர்களுடனான அழைப்புகள் இந்திய நேரப்படி ஆறரை மணிக்குமேல் தொடங்குகின்றன. குழந்தைக்குச் சோறு ஊட்டித் தூங்கவைக்கும் நேரமும் அதுதான். கதவைச் சாத்திவிட்டு அமர்ந்தால் அவன் கதவைத் தட்டுகிறான், திறந்து வைத்தால் லேப்டாப்பைப் பிடித்து இழுக்கிறான். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். மூட்டுவலியோடு, தவழ்ந்து நடக்கத் தொடங்கிவிட்ட குழந்தையின் பின்னால் அவர் அலைவதை நான் திரையின் ஓரத்தில் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்கிறேன். வீட்டிலிருந்து பணி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு நூற்றுக்கணக்கான வீடுகளில் ஒரு மூதாட்டியின் ஊதியமற்ற உழைப்பின்மேல் நிற்கிறது. மாமியாரோ அம்மாவோ உடன் இல்லாத பெண்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பெரும்பாலும் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

கணவன்மார் உதவுவதில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். மத்திய அரசு 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களையும், அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களையும் செலவிடுகிறார்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் பராமரிக்கும் நேரம் இதில் சேராது, அது தனிக்கணக்கு. என் கணவரும் அதே நாள்களில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்தான். அவர் மீட்டிங்கில் இருக்கும்போது வீடே அடங்கியிருக்கிறது. நான் மீட்டிங்கில் இருக்கும்போது சிலிண்டர் வந்திருக்கிறது என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் பகுதிக்கு வீட்டில் உழைக்கும் தாய் புதியவள் அல்ல என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிவருகிறார்கள். என் அம்மாவும் சுற்றினார். சேலையில் தொட்டில் கட்டி, அதன் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே இலையை நறுக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டுக்கு இலையும் தூளும் வாங்கிச் சென்று வேலை செய்பவரையும் தொழிலாளர் என்றே ஏற்று, மகப்பேறு நலச் சட்டத்தை அவருக்கும் உரியதாக்கியது. அந்தத் தொழிலை நான் உயர்த்திப் பேசவில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலியும், குழந்தை தூங்கும் அறையிலேயே பறக்கும் புகையிலைத் தூசியும் யாருக்கும் வேண்டாம். ஆனால் வீடும் ஒரு பணியிடமே என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் சட்டம் ஒரு தொழிலில் ஏற்றுக்கொண்டது. மடிக்கணினி வந்த பிறகு அந்தத் தெளிவு எங்கே போனது என்பதுதான் என் கேள்வி. வீட்டிலிருந்து உழைப்போருக்கு மற்றத் தொழிலாளருக்கு இணையான உரிமைகளைக் கோரும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1996-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா இன்னும் இணையவில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. நிறுவனம் தனக்கெனக் காப்பகம் கட்டாமல், அரசு, நகராட்சி, தொண்டு அமைப்பு, தனியார் ஆகியோர் நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று புதிய சட்டத் தொகுப்பே வழிவிட்டிருக்கிறது. அந்தப் பொதுக் காப்பகம் அலுவலகத்துக்கு அருகில்தான் இருக்க வேண்டும் என்று கருதாமல், வீட்டிலிருந்து பணிபுரியும் தாயின் ஊரில் உள்ள காப்பகத்துக்கான கட்டணத்தையும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்று விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். பாலூட்டும் இடைவேளை வீட்டிலிருந்து பணிபுரிவோருக்கும் உண்டு என்பதையும் அவ்விதிகளில் வெளிப்படையாக எழுதிவிட்டால், அதைக் கேட்பதற்கு ஒரு பெண் கூச்சப்பட வேண்டியிராது.

அப்படியொரு காப்பகம் எங்கள் ஊரில் இருக்கிறதா என்றால், இப்போது இல்லை. இருப்பது அங்கன்வாடி. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. ஆனால் கைக்குழந்தைகளுக்குச் சத்துமாவு கிடைக்கிறதே தவிர, இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை நாள் முழுவதும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலான மையங்களில் இல்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் மத்திய அரசின் 'பால்னா' திட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதால், நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு தேவையுள்ள ஊர்களில் அதை மாலை ஏழு மணிவரை நீட்டிக்க முடியும். இந்தக் கூடுதல் நேரத்தை இப்போதுள்ள பணியாளர்களின் தலையில் ஏற்றக் கூடாது. கணக்கெடுப்பு, எடை பார்த்தல், கைப்பேசிச் செயலியில் பதிவேற்றம் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தாங்க முடியாத வேலை இருக்கிறது. காப்பகத்துக்கெனத் தனியாக ஆள் நியமித்து, முறையான ஊதியம் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தென்காசி மாவட்டம்.