வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை: பெருந்தொற்றுக் காலத்தில் பெண்களும் சிறுமிகளும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெருந்தொற்று பெண்களையும் சிறுமிகளையும் எப்படி வேறுவிதமாகத் தாக்குகிறது என்பதையே ஆண்டு முழுக்கப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். படித்ததைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

முதல் கூட்டத்திலேயே ஓர் உறுப்பினர் கேட்டார்: "கொரோனாவில் ஆண்கள்தானே அதிகம் இறந்தார்கள், பெண்களைப் பற்றி ஏன் தனியாகப் பேச வேண்டும்?" நியாயமான கேள்வி. பெரும்பாலான நாடுகளில் நிலைமை அப்படித்தான் இருந்தது. ஆனால் கிருமி ஏற்படுத்தும் சேதம் ஒன்று, பள்ளியும் பிரசவ வார்டும் மூடிக்கிடப்பதால் வரும் சேதம் வேறொன்று. இந்த இரண்டாவது சேதம் தினசரி இறப்புப் பட்டியலில் வராது. அதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மூன்று கூட்டங்கள் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனுக்கே போயின. 2014-இல் எபோலா என்ற உயிர்க்கொல்லித் தொற்று பரவியபோது அங்கே பள்ளிகள் பல மாதங்கள் மூடிக்கிடந்தன. அந்த இடைவெளியில் சிறுமிகள் பலர் கர்ப்பமானார்கள். 2015-இல் பள்ளி திறந்தபோது, கர்ப்பிணி மாணவிகள் வகுப்புக்கு வரக்கூடாது என்று அரசு தடை போட்டது. அவர்களுக்கென்று தனி மையங்கள் வந்தன. அங்கே வகுப்பு நாட்களும் குறைவு, பாடங்களும் குறைவு. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் அந்தத் தடை தவறு என்று தீர்ப்பளித்தது; 2020 மார்ச்சில் தடை நீங்கியது. தடை வந்தபோது பதினான்கு வயதாக இருந்தவளுக்கு அப்போது பத்தொன்பது. அதே நாட்களில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மறுபடி மூடப்பட்டன. இதை வாசித்தபோது கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அதே நாட்டில் எபோலா தொற்றுக்குப் பயந்து கர்ப்பிணிகள் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தார்கள். தாய் இறப்பு, பச்சிளங்குழந்தை இறப்பு, குழந்தை இறந்து பிறப்பது எல்லாம் சேர்த்து 2014-15-இல் கூடுதலாகச் சுமார் 3,600 நேர்ந்திருக்கும் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எபோலாவிலேயே அங்கு இறந்தவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லி உறுப்பினர்களிடம் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

ஜிகா பற்றி ஒரு கூட்டம். கருவைப் பாதிக்கும் அந்தத் தொற்றுக்காக, 2018 வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று எல் சால்வடோர் அரசு 2016-இல் பெண்களுக்கு அறிவுரை சொன்னது. கருக்கலைப்பு முழுவதும் தடை செய்யப்பட்ட நாடு அது. ஆண்களிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்ட உறுப்பினரின் கோபம் எனக்கும் உண்டு.

செவிலியராக இருக்கும் நம் உறுப்பினர் பேசிய நாளை மறக்க முடியாது. உலகச் சுகாதாரப் பணியாளர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள். அப்படியிருந்தும் பாதுகாப்புக் கவசங்கள் பெரும்பாலும் ஆண் உடலின் அளவுக்கே தைக்கப்படுகின்றன. தன் முகக்கவசம் கன்னத்தோடு ஒட்டாமல் இடைவெளி விட்டதை அவர் கையால் காட்டினார். அப்புறம் வீட்டுக்குப் போனால் சமையல், வயதானவர்களின் பராமரிப்பு. ஊதியமில்லாத இந்த வேலையில் நான்கில் மூன்று பங்கைப் பெண்களே செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இலேயே கணக்கிட்டிருந்தது.

ஊரடங்கில் அடிக்கிறவனோடு ஒரே வீட்டில் அடைபட்டவர்களைப் பற்றியும் படித்தோம். ஸ்பெயினில் மருந்துக் கடைக்குப் போய் "மாஸ்க் 19" என்ற ரகசியச் சொல்லைச் சொன்னால் உதவிக்கு ஆள் வரும் ஏற்பாடு இருந்தது. கொரோனாவால் பத்தாண்டுகளில் கூடுதலாக ஒரு கோடிச் சிறுமிகளுக்குத் திருமணம் நடக்கலாம் என்று 2021-இல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் எச்சரித்ததைக் கடைசிக் கூட்டத்தில் எடுத்துக்கொண்டோம். அதற்கு இன்னும் இரண்டு கூட்டங்களாவது தேவைப்பட்டிருக்கும். நேரத்தைச் சரியாகப் பிரிக்காதது என் தவறு.

விட்டுப்போனது இன்னொன்றும் உண்டு. ஆண்கள் அதிகம் இறந்தார்கள் என்றால், அவர்கள் விட்டுச்சென்ற மனைவிகள் என்ன ஆனார்கள்? முதல் கூட்டத்தின் கேள்விக்குள்ளேயே இருந்த இதை நாங்கள் தொடவே இல்லை. கணவரை இழந்தவர்களின் சொத்துரிமை, கடன், வருமானம் ஆகியவற்றை அடுத்த ஆண்டின் முதல் பொருளாக வைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்