நீலத்தாளும் பின்கேட்டும்

கிருஷ்ணகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. தபால் ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன் ஒரு பதில் போட இத்தனை நாளா என்று கேட்பாய். கேள். தாமதத்துக்குக் காரணமே உன் கடிதம்தான். அதில் பாதிக்கு மேல் உங்கள் இங்கிலாந்துத் தெருமுனை பப் கதை. இங்கேயும் கொஞ்ச நாளாக அதே மதுக்கடைப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிவு தெரிந்ததும் எழுதலாம் என்று இருந்தேன். முடிவு இப்போதைக்கு வருகிற மாதிரி இல்லை.

வீட்டில் எல்லோரும் நலம். எனக்கு முட்டிவலி, அவளுக்கு என்னோடு வலி. பெரியவள் ஓசூரில்தான் இருக்கிறாள். மாங்காயைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த வருஷம் அதை மட்டும் கேட்காதே. பெங்களூராவைப் பறித்து மாங்கூழ் ஃபேக்டரிக்கு ஏற்றினால் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டவில்லை. பாதிப்பேர் மரத்திலேயே விட்டுவிட்டார்கள்.

சரி, பப்புக்கு வருகிறேன். உன் கடிதத்தை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நீலத்தாள் வந்த இடத்தில் "நில்லுங்க, திரும்பப் படிங்க" என்றாள். மூடிக்கிடந்த பப்பை ஒருத்தர் எடுக்கிறார், புது லைசென்ஸ் கேட்கிறார். கேட்ட கையோடு, இன்ன கடை இத்தனை மணிவரை நடத்த அனுமதி கேட்டிருக்கிறேன் என்று வெளிர்நீலத் தாளில் எழுதித் தன் வாசலிலேயே ஒட்டவேண்டும், 28 நாள் அது அங்கே இருக்கவேண்டும், உள்ளூர்ப் பேப்பரிலும் போடவேண்டும், அதற்குள் யார் வேண்டுமானாலும் கவுன்சிலுக்கு எழுதலாம் என்றெல்லாம் நீ எழுதியிருந்ததைப் படித்ததும், "கடை வைக்கிறவனே வாசல்ல எழுதி ஒட்டறானா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

அடுத்து இன்னொரு சந்தேகம் கேட்டாள். உங்கள் 2003 லைசென்சிங் சட்டப்படி நாலே நாலு விஷயத்தைத்தான் சொல்லி எதிர்க்க முடியும் என்றாய் அல்லவா? அடிதடியும் குற்றமும், ஆட்களின் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துத் தொந்தரவு, குழந்தைகளுக்குக் கெடுதல். குடியே தப்பு என்பதோ, ஏற்கனவே நாலு பப் இருக்கே இது எதுக்கு என்பதோ எடுபடாது. "அப்ப நம்ம தெருப் பொம்பளைங்க போனா பேச ஒண்ணுமே இருக்காதே" என்றாள். யோசித்துப் பார்த்தால் அது நிஜம்தான். குடி குடும்பத்தைக் கெடுக்கிறது என்பதைத் தவிர இங்கே நாங்கள் எதையும் பேசியதில்லை.

இப்போது எங்கள் கதை. ரேஷன் கடைக்குத் திரும்புகிற முனையில் நம்ம செயின் மூன்று ஷட்டர் வைத்துக் கட்டியிருக்கிறான். ஞாபகம் இருக்கிறதா? எட்டாவதில் எல்லோருடைய சைக்கிள் செயினையும் மாட்டிக்கொடுத்துக் கை முழுக்க கிரீசோடு பரீட்சை எழுதியவன். வைகாசியில் ஒருநாள் அந்த நடு ஷட்டருக்கு வெல்டர் வந்து அளவெடுத்தான். ஷட்டருக்கு உள்ளே தரையிலிருந்து கூரைவரை இரும்புக் கிராதி, நடுவில் ஒரு கை நுழைகிற ஓட்டை. மளிகைக் கடைக்கு அப்படிக் கிராதி போடுவார்களா? அது என்ன கடை என்று பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கள் ஊருக்கு அந்தக் கிராதிதான் நீலத்தாள்.

மெயின்ரோட்டுப் பக்கம் இருந்த ஒயின்ஷாப் இங்கே மாறிவருகிறது என்றார்கள். மாறிவருவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று சொன்னது. வழக்கே நம் தமிழ்நாட்டு வழக்குதான், பா.ம.க. வக்கீல் பாலு போட்டது. சாலையில் சாகிறவர்களைக் காப்பாற்றத் தந்த தீர்ப்பு, குறையே சொல்ல முடியாது. ஆனால் கிருஷ்ணகிரியைச் சுற்றி எந்தப் பக்கம் கல்லெறிந்தாலும் ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில்தான் விழும். ரோட்டிலிருந்து கிளப்பிய கடைகள் எங்கே போகும்? 2017-ல் தமிழ்நாடு முழுக்கப் பொம்பளைகள் துடைப்பத்தோடு இறங்கியது கடைகள் ஊருக்குள் வந்ததால்தான். நீ அப்போது டிவியில் பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணினாய்.

எங்கள் ஊர் இன்னும் கிராம ஊராட்சி. இங்கே பள்ளிக்கூடம், கோயிலிலிருந்து 100 மீட்டருக்குள் கடை கூடாது. நகராட்சி, மாநகராட்சி என்றால் 50 மீட்டர் போதும். நாளைக்கே எங்களைக் கிருஷ்ணகிரி நகராட்சியோடு சேர்த்தால் பள்ளிக்கூடம் நகராது, கடையும் நகராது, நடுவில் இருக்கவேண்டிய தூரம் மட்டும் பாதியாகிவிடும். கிராம சபையும் அத்தோடு போய்விடும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில்தான் விஷயம் வெடித்தது. ஒரு வேடிக்கை கவனித்திருக்கிறாயா? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலு நாளும் கிராம சபை கூடும், அந்த நாலு நாளும் ஒயின்ஷாப் லீவு. அதனால் ஊரில் எல்லோரும் தெளிவாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் என்று யாரும் இல்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அவர்கள் பதவிக்காலம் முடிந்துவிட்டது, தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்தான் பார்க்கிறார். உங்கள் பப் விஷயத்தை விசாரிக்க மூன்று கவுன்சிலர்கள் உட்கார்ந்தார்கள். எங்களுக்கு ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் ஒருத்தர்கூட அந்தப் பந்தலில் இல்லை. தீர்மானத்தை என் கையெழுத்தில்தான் எழுதினோம். கடைக்கு அனுமதி கலெக்டர் கையில் இருப்பதால் நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீதும் வாங்கிவந்தோம்.

மனு எழுதும்போது அவள் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தாள். "யாரு எழுதறாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்றாள். குத்தல் புரிந்தது. உனக்குத் தெரியாததா? மாசத்துக்கு ரெண்டு தடவையாவது நானும் அந்த மாதிரிக் கிராதிக்குள் கை நீட்டியவன்தான். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937 அக்டோபர் முதல் தேதி முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்தது பழைய சேலம் மாவட்டத்தில். தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள்தான் இருந்தன. கள்ளு வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-ல் விற்பனை வரி போட்டார். அப்புறம் கடை திரும்பி வந்தது, வரியும் போகவில்லை. அதே மண்ணில் பிறந்து நான் மூன்று குவார்ட்டருக்கும் ஒரு மனுவுக்கும் சொந்தக்காரன் ஆகியிருக்கிறேன்.

அடுத்த வாரம் அளக்க வந்தார்கள். நாலு பேர், ஒரு டேப். ஆள் நடந்துபோகிற வழியாகத்தான் அளக்கணும் என்றார் கையில் நோட்டு வைத்திருந்தவர். கிராதியிலிருந்து சாக்கடை ஓரமாக, ரேஷன் கடையைச் சுற்றி, பள்ளிக்கூட முன்கேட் வரை 131 மீட்டர். அவர் எழுதிக்கொண்டார். அப்போது பூக்காரம்மா, "பின்கேட்டை அளங்க சார்" என்றது. பின்கேட் நமக்குத் தெரியும், நாம் மத்தியானம் ஓடிப்போன கேட்தான். அந்தப் பக்கமாகப் பிடித்தால் 84. ஆனால் கேட்டில் பூட்டு, பூட்டில் துரு, கேட்டுக்கு முன்னால் பார்த்தீனியம் இடுப்பளவு. "இந்த வழியா யாரும்மா நடக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு, அந்த 84-ஐயும் ஓரத்தில் சின்னதாகக் குறித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

செயின் இதையெல்லாம் எதிர்த்தாற்போல் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் என்ன பண்ணுவான்? ரெண்டு போர் போட்டுத் தண்ணீர் இல்லை. தோப்பு இந்த வருஷம் இப்படி. மற்ற ரெண்டு ஷட்டர் காலியாகக் கிடக்கிறது. ஒயின்ஷாப்காரர்கள் தருகிற வாடகையை வேறு யாரும் தரமாட்டார்கள். எனக்கு அவன்மேல் கோபம் வர மாட்டேன் என்கிறது. ஆனால் தீர்மானத்தில் என் கையெழுத்தைப் பார்த்ததிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. டீக்கடைக்கு நான் போனால் அவன் எழுந்துவிடுகிறான். அம்பது வருஷப் பழக்கம் மாப்ளே.

உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இடத்தைத்தான். நீ எழுதிக் கொடுத்தது உன் பெயர், முகவரியோடு பப்காரர் கைக்குப் போயிருக்கிறது. அவர் முன்னாலேயே நீ பேசினாய். லைசென்ஸ் கிடைத்துவிட்டது, ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு மேல் கூடாது, பின்பக்கத் தோட்டத்தை ஒன்பதரைக்கே காலி பண்ணணும் என்று சொல்லிவிட்டார்கள். நீ அதைத் தோல்வி மாதிரி எழுதியிருக்கிறாய். மறுநாள் அந்த ஆள் உன்னைப் பார்த்து, சத்தம் வந்தா கதவைத் தட்டுங்க என்று சொன்னதைப் போகிறபோக்கில் ஒரே வரியில் எழுதிவிட்டாய். எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகப் படுகிறது.

இங்கே அப்படிப் பாதி வழியில் நின்று பேச முடியாது. "பத்து மணி வேண்டாம், எட்டு மணியோட மூடு, பார் வேண்டாம், தெருவுல உக்காந்து குடிக்கக் கூடாது" என்று சபையில் நான் சொல்லிப் பார்த்தேன். "அப்போ கடைக்கு ஒத்துக்கிறீங்களா?" என்று நாலு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். நிபந்தனை பேசினால் கட்சி மாறினவன் ஆகிவிடுகிறோம். கடைசியில் மூடு என்பவர்கள் ஒரு பக்கம், செயின் மட்டும் மறுபக்கம். கலெக்டர் ஆபீசிலிருந்து பதில் வருகிறவரை இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கணும்.

உத்தரவு இன்னும் வரவில்லை. கிராதி வந்துவிட்டது, பெயின்ட் அடிக்கவில்லை. ஆனால் இன்னொன்று நடந்தது. பெரிய டீச்சர் பின்கேட்டுப் பூட்டை உடைத்துப் புதுப்பூட்டு போட்டார்கள். பார்த்தீனியத்தைப் பிள்ளைகளின் அம்மாக்களே பிடுங்கினார்கள். ஒண்ணாவது, ரெண்டாவதுப் பிள்ளைகள் இப்போது தினமும் அந்த வழியாகத்தான் போகின்றன. மூன்று வாரத்தில் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. நேற்று பார்த்தேன், செயினின் பேத்தியும் அந்த வழியாகத்தான் போனது. அவன்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். அவனுக்கு விஷயம் தெரியாமல் இருக்காது.

அந்த நீலத்தாளைக் கழற்றிப் போட்டிருந்தால், கிடைத்தால், ஒன்று மடித்து அனுப்பு. இல்லையென்றால் போட்டோவாவது அனுப்பு, எழுத்து படிக்கிற மாதிரி. செயினுக்குக் காட்டணும். பேச ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது.

உன் பழைய கடைசி பெஞ்சுக்காரன்