இறங்கச் சொன்னால் இறங்கிவிடு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன கதையை உன் அம்மா சிரித்துச் சிரித்துக் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. பிரேக் லைட் ஒன்று எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் உன்னை நிறுத்தினாராம். காரை விட்டு இறங்கச் சொன்னாராம். "ஒரு லைட்டுக்கு நான் எதற்கு இறங்கணும், என் உரிமை எனக்குத் தெரியும்" என்று நீ உட்கார்ந்த இடத்திலேயே வாதாடினாயாம். கடைசியில் நீ இறங்கியிருக்கிறாய், அவர் வார்னிங் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த மனிதருக்கு அன்றைக்குப் பொறுமை இருந்தது, அவ்வளவுதான்.

இதைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும். அதனால் எழுதுகிறேன். நீ போனை வைத்த பிறகு மூன்று ராத்திரி உட்கார்ந்து தீர்ப்புகளைப் படித்தேன். படிக்கப் படிக்க, உன் உரிமை எங்கே இருக்கிறது என்று நீ தப்பாக நினைத்திருக்கிறாய் என்று தெரிந்தது. உரிமை இருக்கிறது. ஆனால் நீ பிடித்துத் தொங்கிய இடத்தில் இல்லை.

ஃபிலடெல்ஃபியாவில் ஹாரி மிம்ஸ் என்று ஒருவர். நம்பர் பிளேட் காலாவதியாகிவிட்டது என்று போலீஸ் அவரை நிறுத்தியது. இறங்கச் சொன்னார்கள், இறங்கினார். ஜாக்கெட்டுக்குள் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. தடவிப் பார்த்தால் துப்பாக்கி. இறங்கச் சொன்னதே தப்பு என்று கேஸ் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977-இல் தீர்ப்பு வந்தது. வண்டியைச் சட்டப்படி நிறுத்தியாயிற்று என்றால், டிரைவரை இறங்கச் சொல்லப் போலீசுக்குத் தனியாக ஒரு காரணமும் வேண்டாம். உள்ளே உட்காருவதற்கும் வெளியே நிற்பதற்கும் உனக்குச் சின்ன அசௌகரியம்தான் வித்தியாசம். அவருக்கு அது உயிர் விஷயம். இதுதான் கோர்ட் சொன்ன கணக்கு. இருபது வருஷம் கழித்து, 1997-இல், மேரிலாந்திலிருந்து வந்த இன்னொரு கேஸில் கூட வருகிறவர்களுக்கும் இதே விதி என்று சொல்லிவிட்டார்கள். ஆக, அன்றைக்கு உன் பக்கத்து சீட்டில் இருந்த உன் தோழியையும் அவர் இறக்கியிருக்கலாம்.

"எதற்கு ஆஃபீசர்?" என்று ஒரு தடவை கேட்பதில் தப்பில்லை. கேட்டுக்கொண்டே இறங்கு.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்றால், இதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் செய்திருக்கிறேன். உனக்கு அப்போது மூன்று வயது, பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ராத்திரி நேரம், கண்ணாடியில் போலீஸ் வண்டியின் சிவப்பும் நீலமும் அடித்தது. ஓரம் கட்டினேன். பெரிய மனிதர் ஒருவர் கூப்பிட்டால் எழுந்து போய்த்தானே பேசணும், உட்கார்ந்தபடியே பேசினால் மரியாதைக்குறைவு. அப்படி நினைத்துக் கதவைத் திறந்து இறங்கி, பர்ஸை எடுக்க பின் பாக்கெட்டில் கையை விட்டபடியே அவரை நோக்கி நடந்தேன்.

ஒலிபெருக்கியில் ஒரு கத்தல். எனக்கு வார்த்தை புரியவில்லை, தொனி மட்டும் புரிந்தது. ஸ்பாட்லைட் முகத்தில் அடித்ததில் ஒன்றும் தெரியவில்லை. உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. போலீஸ்காரர் தன் வண்டிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், வலது கை இடுப்பில். உன் அம்மா உள்ளேயிருந்து "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கத்திய கத்தலில் நீ எழுந்து அழ ஆரம்பித்தாய். உன் அழுகைதான் அவரைத் தணித்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். கையைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கியே நடந்து வந்து காருக்குள் உட்கார்ந்தேன். அபராத டிக்கெட் கொடுத்துவிட்டு, "அடுத்த முறை உள்ளேயே இருங்கள்" என்றார். அவர் குரலும் லேசாக நடுங்கியது. அந்த நடுக்கம்தான் எனக்கு மறக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தப் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். உள்ளே யார், எத்தனை பேர், மடியில் என்ன, அவருக்கு ஒன்றும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் லாரிகள் எழுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. அவர் பார்க்கக்கூடியது உன் கைகளை மட்டும்தான். அதனால் கைகளைக் காட்டு. இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் ஒதுங்கி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இருட்டாக இருந்தால் உள் லைட்டைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வை. லைசென்ஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் வாயால் சொல், பிறகு கையை நீட்டு. உன் கிளவ் பாக்ஸ் இருக்கும் லட்சணம் எனக்குத் தெரியும். கெட்சப் பாக்கெட்டும் சார்ஜர் ஒயரும் கொட்டும் இடத்தில் ரெஜிஸ்ட்ரேஷனைத் தேடிக் குனிந்துகொண்டிருந்தால் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு எப்படி இருக்கும்? ஒரு உறையில் போட்டு சன் வைசரில் செருகிவை.

போலீஸ் அடையாளம் இல்லாத வண்டி ராத்திரியில் ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தச் சொன்னால் ஹசார்ட் லைட் போட்டு, வேகத்தைக் குறைத்து, அவசர எண் 911-ஐக் கூப்பிட்டு அது உண்மையான போலீஸ்தானா என்று கேட்டுக்கொண்டே வெளிச்சமான இடம் வரை மெதுவாகப் போ. உன் அம்மா இதைக் கண்டிப்பாக எழுதச் சொன்னாள்.

சரி, இதுவரை அவர் பக்கம். இனி உன் பக்கம்.

உடம்பு சொன்னபடி கேட்கட்டும். வாய் சம்மதம் கொடுக்கவேண்டியதில்லை. இந்த இரண்டையும் நீ தலைகீழாகச் செய்திருக்கிறாய். இறங்கமாட்டேன் என்று சண்டை போட்டவள், இறங்கின பிறகு அவர் "டிக்கியைக் கொஞ்சம் பார்க்கலாமா, ஆட்சேபணை இல்லையே" என்று கேட்டதும் "ஓகே, ஷூர்" என்றாயாம். அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு பெருமை வேறு, ஒளிக்க ஒன்றுமில்லை என்று! மறுக்க உரிமை உள்ள இடம் அதுதான், அதைப் போய்க் கொடுத்துவிட்டாய். 1973-இல் பஸ்டமான்ட்டே கேஸில் கோர்ட் சொன்னது இது: நீ மனமுவந்து சம்மதித்தால் சோதனை செல்லும், மறுக்கலாம் என்று உனக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் போலீசுக்கு இல்லை. அந்த வண்டியையும் ஒரு ஹெட்லைட் எரியவில்லை என்றுதான் நிறுத்தினார்கள். கேள்வி மாதிரி கேட்பார்கள், கட்டளை மாதிரி தொனிக்கும். நாங்கள் வளர்த்த வளர்ப்பில் பெரியவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல உனக்கு வாய் வராது. அது எங்கள் தப்பு. இனிமேல், "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை, ஆஃபீசர்" என்று மெதுவாக, சிரிக்காமல், ஒரே தடவை சொல். அதையும் மீறித் தேடினால் குறுக்கே நிற்காதே, கதவைப் பிடிக்காதே. வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி ஏதாவது கிடந்தாலோ, வேறு வலுவான காரணம் இருந்தாலோ உன் சம்மதம் இல்லாமலும் தேடலாம். காரணம் சரியா என்று பார்ப்பது ஜட்ஜின் வேலை. ஆனால் நீ சம்மதித்துவிட்டால் ஜட்ஜ் பார்ப்பதற்கே ஒன்றும் மிச்சமிருக்காது.

போனும் அப்படித்தான். 2014-இல் ரைலி கேஸில், கைது செய்தால்கூட போனுக்குள் பார்க்க வாரன்ட் வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ரைலியையும் காலாவதியான ரெஜிஸ்ட்ரேஷனுக்காகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். பார், எல்லாம் பல்பிலும் ஸ்டிக்கரிலும்தான் ஆரம்பிக்கிறது. இன்ஷூரன்ஸ் அட்டையைப் போனில் காட்டும்போது திறந்த போனை அப்படியே கையில் கொடுத்துவிடாதே. காகிதத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்.

எவ்வளவு நேரம் நிறுத்திவைக்கலாம் என்று கேட்டாயே. டிக்கெட் வேலை முடிகிறவரைக்கும்தான். நெப்ராஸ்காவில் ரோட்ரிகஸ் என்பவருக்கு வார்னிங் எழுதிக் கொடுத்தாயிற்று. அப்புறம் மோப்ப நாயைச் சுற்றவிட அனுமதி கேட்டார்கள், அவர் மறுத்தார். இன்னொரு போலீஸ்காரர் வரும்வரை ஏழெட்டு நிமிஷம் நிறுத்திவைத்து நாயைவிட்டார்கள். போதைப்பொருள் கிடைத்தது. சந்தேகப்பட நியாயமான காரணம் இல்லாமல் அந்த ஏழெட்டு நிமிஷம்கூட நீட்டக்கூடாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் முழுக் கதையையும் கேள். கேஸ் கீழ்க் கோர்ட்டுக்குத் திரும்பிப் போனதும், அந்தச் சமயத்தில் அந்தப் பகுதியில் நடைமுறையில் இருந்த தீர்ப்பை நம்பித்தான் போலீஸ் அப்படிச் செய்தது என்று சொல்லி அவருடைய தண்டனையை அப்படியே வைத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் உரிமை வாங்கிக் கொடுத்தவருக்கு அது கிடைக்கவில்லை. எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நீ "நான் போகலாமா?" என்று கேள். போகலாம் என்றால் போய்விடு, நின்று கதை பேசாதே.

எனக்குக் கோபம் மூட்டின தீர்ப்பு ஒன்று இருக்கிறது. டெக்சாஸில் லேகோ விஸ்டா என்ற சின்ன ஊர், 1997. கெயில் அட்வாட்டர் என்ற பெண்மணி இரண்டு குழந்தைகளோடு மெதுவாக ஓட்டிப்போனார். யாரும் சீட் பெல்ட் போடவில்லை. அதற்கு அதிகபட்ச அபராதமே 50 டாலர்தான். அவரைக் கைவிலங்கு மாட்டிக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் லாக்கப்பில் வைத்தார்கள். 2001-இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு, கைது செல்லும் என்றது! அபராதம் மட்டுமே உள்ள குற்றத்துக்கும் கைது செய்யலாம். அந்த நான்கு பேர் பக்கம்தான் நான். ஆனால் ரோட்டோரத்தில் என் கட்சி எடுபடாது. நீ வாதாடின மூன்று நிமிஷத்தில் அந்தப் போலீஸ்காரர் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

உன் பிரேக் லைட்டுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. வட கரோலினாவில் ஹையென் என்பவரை ஒரு பிரேக் லைட் எரியவில்லை என்று நிறுத்தினார்கள். அப்புறம் பார்த்தால் அந்த மாநிலச் சட்டப்படி ஒரு லைட் எரிந்தாலே போதுமாம். போலீஸ்காரருக்கே சட்டம் தெரியவில்லை. 2014-இல் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? நியாயமான தவறு, நிறுத்தியது செல்லும். நீயும் நானும் சட்டம் தெரியாது என்று சொல்லிப்பார்த்தால் விடுவார்களா!

"எதற்கு நிறுத்தினேன் தெரியுமா?" என்று கேட்டால், "தெரியவில்லை, சொல்லுங்கள்" என்பதோடு நிறுத்து. "கொஞ்சம் வேகமாக வந்துட்டேன்" என்று நீயே எடுத்துக் கொடுக்காதே. கலிஃபோர்னியாவில் 2024 தொடக்கத்திலிருந்து, வேறு கேள்வி கேட்பதற்கு முன் காரணத்தைச் சொல்லவேண்டியது போலீஸின் கடமை. உன் மாநிலத்தில் அந்தச் சட்டம் இல்லை. டிக்கெட்டில் கையெழுத்து போடச் சொன்னால் போடு. குற்றத்தை ஒப்புக்கொள்வதாக அர்த்தமில்லை, கோர்ட்டுக்கு வருகிறேன் அல்லது கட்டுகிறேன் என்ற வாக்குதான். சில மாநிலங்களில் கையெழுத்து மறுத்தால் அதற்கே கைது. நடத்தை சரியில்லை என்றால் அவர் பெயர், பேட்ஜ் எண், நேரம் எல்லாவற்றையும் அடுத்த பார்க்கிங்கில் நிறுத்தி எழுதிவை. புகாரை நான் எழுதித் தருகிறேன், எனக்கு அதில் ருசி உண்டு.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன். 2016 ஜூலை 6, மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில். பள்ளிக்கூட உணவறையில் வேலை பார்த்தவர், வயது 32. அவரை நிறுத்தியதும் பிரேக் லைட்டுக்குத்தான் என்றார்கள். தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று, உரிமம் வாங்கி வைத்திருந்தவர், அவரே மரியாதையாக முன்கூட்டிச் சொன்னார். அடுத்த சில விநாடிகளில் சுடப்பட்டார். பின் சீட்டில் நாலு வயதுக் குழந்தை. சுட்டவரை அடுத்த வருஷம் ஜூரி விடுவித்தது. ஆக, நான் மேலே எழுதியது தாயத்து இல்லை. ஆபத்து கொஞ்சம் குறையும். எல்லோருக்கும் ஒரே அளவு குறையாது என்பதும் உனக்குத் தெரியும்.

பயமுறுத்துகிறேன் என்று உன் அம்மா சொல்கிறாள். இருக்கட்டும்.

உன் வண்டிக்கான பிரேக் லைட் பல்பு வாங்கி வைத்துவிட்டேன், இரண்டு பக்கத்துக்கும். மாதக் கடைசியில் வரும்போது நானே மாற்றித் தருகிறேன். நீ மாற்றுகிறேன் என்று கவரை உடைத்துவிடாதே. அதுவரை ராத்திரியில் எடுக்காதே. வார்னிங் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. எத்தனை நாளைக்குள் சரிசெய்யணும் என்று போட்டிருக்கும், நீ பார்த்திருக்கமாட்டாய்.

அன்புடன்,
அப்பா