மாடிப்படி ஏறிப்போன நர்ஸ்

ஆசிரியருக்கு வணக்கம்.

செவிலியர் தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட பக்கங்களைப் படித்தேன். நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் தகும். ஆனால் வருஷா வருஷம் வரும் கட்டுரைகளில் நர்ஸ் என்றால் ஆஸ்பத்திரி வார்டில்தான் நிற்கிறார். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் தேடிப்போன ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போலந்து நாட்டின் ஹன்னா க்ஷனோவ்ஸ்கா.

என் மாமியார் பக்கவாதம் வந்து நாலு வருஷம் படுக்கையில் இருந்தார். டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிய அன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மூன்றாவது வாரமே இடுப்புக்குக் கீழே புண். பக்கத்துத் தெருவிலிருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார். தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். "ஜில்லுன்னு தொட்டா ஒடம்பு பயந்துரும்மா" என்பார். காசு ஒரு பைசா வாங்கியதில்லை. அவருடைய பைபிளுக்குள் ஒரு வெள்ளைத் தொப்பிப் பெண்ணின் படம் இருந்தது. ஹன்னாவை எனக்குத் தெரிய வந்தது அப்படித்தான். அப்புறம் தேடித் தேடிப் படித்தேன்.

ஹன்னா 1902-இல் வார்சாவில் பிறந்தவர். அப்பா இலக்கியப் பேராசிரியர், வசதியான குடும்பம். நர்ஸ் படிப்பு முடித்து, 1929 முதல் பத்து வருஷம் போலந்துச் செவிலியர்களுக்கான பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். இளவயதில் பக்தியில் பெரிய பிடிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. நோயாளிகளோடு பழகப் பழகத்தான் விசுவாசம் ஆழமானது. பிறகு போர் வந்தது. 1939 நவம்பரில் போலந்தின் கிராக்கோவ் நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களை ஜெர்மானியர் கூண்டோடு பிடித்துப்போனார்கள். அதில் அவருடைய அப்பாவும் ஒருவர். ஜெர்மனியின் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் இறந்தார். ராணுவ அதிகாரியான ஒரே சகோதரர், 1940-இல் சோவியத் ரகசியப் போலீஸ் போலந்து அதிகாரிகளைக் கொன்று குவித்த ‘காட்டின்’ (Katyn) படுகொலையில் போனார். இதற்கிடையில் ஹன்னா கிராக்கோவில் அகதிகளுக்கும் அனாதைக் குழந்தைகளுக்கும் இடம் தேடி அலைந்துகொண்டிருந்தார். அந்தத் துக்கத்தோடு எப்படி எழுந்து நடந்தார் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

போருக்குப் பின் செவிலியர் பள்ளிகளில் பாடம் நடத்தினார். வீட்டுக்குப் போய்ச் செய்யும் பராமரிப்புதான் அவர் பாடம். 1957-இல் ஒரு மனநலச் செவிலியர் பள்ளிக்கு இயக்குநர் ஆனார்; கொஞ்ச காலத்தில் பள்ளியையே மூடிவிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சரி, இனி வீட்டோடு இருப்போம் என்று அவர் உட்காரவில்லை.

கிராக்கோவின் பழைய அடுக்கு வீடுகளில் வருஷக்கணக்காகப் படி இறங்காதவர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், கவனிக்க ஆளில்லாதவர்கள். இவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இடமில்லை. ஹன்னா இதை இளம் குருவானவர் ஒருவரிடம் கொண்டுபோனார். அவர்தான் கரோல் வொய்டிவா, பின்னாளில் போப் இரண்டாம் யோவான் பவுல். அவர் ஹன்னாவைப் புனித மரியா ஆலயத்தின் பொறுப்புக் குருவான பங்குத்தந்தையிடம் அனுப்பிவைத்தார். பங்குச் செவிலியர் பணி அப்படித் தொடங்கியது. ஊரிலுள்ள ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒவ்வொரு ஆலயத்தையும் சேர்ந்த பகுதியிலும், யார் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று தேடி, நர்ஸ்கள், கன்னியாஸ்திரீகள், மாணவர்கள், குருவாகப் படிப்பவர்கள் என்று ஒரு படையையே திரட்டினார். குளிப்பாட்டுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, சமைத்து வைப்பது, பேச்சுத் துணைக்கு உட்காருவது எல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அரசு மதத்தைச் சந்தேகத்தோடு பார்த்த கம்யூனிஸ்ட் காலம் அது என்பதை மறக்கக் கூடாது.

இதில் என்னை அசைத்தது ஒன்று. கோயிலுக்கு வர முடியாதவர்களுக்காக வீட்டிலேயே பூசைக்கு ஏற்பாடு செய்தார். அதோடு நிற்காமல், பல வருஷமாக ஒரே சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு டிஷெபினியா என்ற ஊருக்குத் தியானத்துக்கு அழைத்துப்போனார். அதுவரை மாமியாரை வாசல் திண்ணை வரைக்கும்கூட நான் கொண்டுவரவில்லை. முடியாது என்றே நினைத்திருந்தேன். நர்ஸம்மா ஹன்னாவைப் பற்றிச் சொன்ன பிறகு, இரண்டு பேரைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கிவந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தோம். அன்றைக்கு அத்தையின் முகம் இருந்த இருப்பை என்னால் எழுத முடியாது.

1966-இல் ஹன்னாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் ஓயவில்லை. 1973 ஏப்ரல் 29 அன்று காலமானார். கர்தினாலாக இருந்த வொய்டிவாவே அடக்கச் சடங்கை நடத்தினார். 2018 ஏப்ரல் 28 அன்று கிராக்கோவில் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டது. கன்னியர் மடத்தில் சேராமல், கடைசி வரை சாதாரண நர்ஸாகவே வாழ்ந்தவர்.

அடுத்த ஏப்ரல் மாதத்து இதழில் இவரைப் பற்றி ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். கூடவே, படுக்கைப் புண் வராமல் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு நர்ஸையே எழுதச் சொல்லிப் போடுங்கள். எங்களைப் போன்ற வீடுகள் நிறைய இருக்கின்றன. நர்ஸம்மா இறக்கும் முன் அந்தப் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உங்களுக்குத் தேவையென்றால் பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி